ரெண்டு ஜேர்மன் மெடல் பார், ரெண்டையும் பின்பக்கம் திருப்பிப் பாத்த அனுபவம்

முதல்லயே சொல்லிப்போடுறன், மெடல் பார் எண்டா படையாள் தன்ர பதக்கங்களை வரிசையா நெஞ்சில குத்துற பட்டி. ஒன்லைன்ல 260 யூரோ குடுத்து வாங்கின நாலு பதக்க பார் ஒட்டு வேலை, வாங்காதேங்கோ. மாமா நியூரம்பேர்க் பழஞ்சாமான் சந்தையில 95 யூரோவுக்கு எடுத்துக்கொண்டு வந்த மூண்டு பதக்க பார் அசல், பாக்க அவ்வளவு வடிவில்லை, துருப்பிடிச்சுக் கிடக்கு, ஆனா எனக்கு அதுதான் பொக்கிஷம். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு ஜேர்மன் மெடல் சேக்கிற ஆக்கள் நான் நினைச்சதை விடக் கூட இருக்கினம், எல்லாருக்கும் அங்கை ஒரு மாமாவோ சித்தியோ மச்சானோ இருக்கினம்தானே, அவையிட்டச் சொல்லி எடுப்பிக்கிறது சுகம். அதாலைதான் இவ்வளவு நீட்டா எழுதுறன்.

நான் பழசு சேக்கத் தொடங்கினது சேது காசில. நந்தியும் கீழை "சேது" எண்ட எழுத்தும் இருக்கிற யாழ்ப்பாணத்தை ஆண்ட எங்கட ஆரியச்சக்கரவர்த்திகளின்ர காசு. அதிலயும் வார்ப்புப் போலி கன காலமா ஓடுது, அதைப் பிடிச்சுப் பழகின கை எண்டதால மெடலிலயும் போலியைப் பிடிச்சிடலாம் எண்டு நினைச்சன். ஆனா மெடல் பார் வேற விளையாட்டு. காசு எண்டா ஒரு சாமான், அது அசலோ போலியோ எண்டதோட விஷயம் முடிஞ்சுது. பார் அப்பிடியில்லை. அதில தொங்கிற ஒவ்வொரு பதக்கமும் நூறு வீதம் அசலா இருக்கலாம், ஆனா பார் பொய்யா இருக்கலாம்.

தெரியாத ஆக்களுக்குச் சொன்னா, ஜேர்மன் படையாள் தனக்குக் கிடைச்ச பதக்கங்களை வரிசையா நெஞ்சில குத்துறதுக்கு ஒரு தகரத் தகட்டில ரிபனை மடிச்சுத் தைச்சு, பின்பக்கம் கம்பளித் துணி போட்டு, ஊசி ஒண்டு பூட்டி வைச்சிருப்பார், அதுதான் பார். ஜேர்மன்ல ஓர்டன்ஸ்ஷ்னாலே எண்டுவினம். பதக்கத்தை அரசாங்கம் குடுக்கும், பாரை ஆள்தான் தன்ர காசில நகைக்கடையிலயோ தையல்கடையிலயோ ஓடர் குடுத்துச் செய்விக்கோணும். அதாலை ஒரு பாரைப் போல இன்னொரு பார் இருக்காது, "இதுதான் சரியான மாதிரி" எண்டு ஒப்பிட்டுப் பாக்க ஒண்டும் இல்லை, போலி செய்யிறவனுக்கு அதுதான் வசதி. ஒரு மனுசன்ர முழுப் படை வாழ்க்கையையும் ஒரு சாண் நீளத்தில தைச்சு வைச்ச மாதிரி. அந்த மனுசன் உண்மையில இருந்தவரோ எண்டதுதான் பாக்க வேண்டியது.

இனி முதலாவது பார். விக்கிறவர் பேரைப் போடேல்ல, தனி ஆள்தான். அவர் போட்ட விபரத்தில எம்டன் எண்டு ஒரு சொல் இருந்திது, அதைப் பாத்த உடன நான் விழுந்திட்டன் எண்டுதான் சொல்லோணும். எங்கட அப்பப்பா ஆரும் சுழியன் எண்டா "அவன் சரியான எம்டன்" எண்டுதான் சொல்லுவார், அந்தச் சொல் ஒரு கப்பலின்ர பேர் எண்டது எனக்குப் பத்துப் பன்ரெண்டு வயசிலதான் தெரியும். 1914 செப்ரெம்பர் 22 இரவு மெட்ராஸ் துறைமுகத்தில எண்ணெய்த் தாங்கிகளுக்குக் குண்டடிச்சிட்டுப் போய், எங்கட இலங்கைக் கடலைச் சுத்தி வந்து கப்பல் கப்பலாப் பிடிச்சு, கடைசியா நவம்பர் 9 கொக்கோஸ் தீவில ஒஸ்ரேலியன்ர சிட்னி கப்பலிட்ட அடிவாங்கிக் கரையேறின கப்பல். கப்ரன் கார்ல் ஃபொன் முல்லர். விக்கிறவர் சொன்ன கதை என்னெண்டா இது எம்டனில இருந்த ஒரு கடற்படை ஆளின்ர பார், 1900ல பொக்ஸர் கிளர்ச்சிச் சண்டைக்குச் சீனாவுக்குப் போன ஆள், பிறகு சீனாவில ஜேர்மன்காரற்ற துறைமுகமா இருந்த சிங்டாவில எம்டனில ஏறி, கொக்கோஸில பிடிபட்டு, மோல்ரா (Malta) தீவில சிறையிருந்து வீடு திரும்பினவர்.

கதை நல்லாத்தான் கட்டியிருக்கினம். எம்டன் சிங்டாவைத் தளமா வைச்சிருந்த கப்பல்தான், பிடிபட்ட ஆக்களை மோல்ராவில வைச்சிருந்ததும் உண்மைதான், 1900ல இருபது வயசு எண்டா 1914ல முப்பத்துநாலு, அனுபவமுள்ள ஒரு ஆளுக்குச் சரியா வரும். பதக்கமும் அதுக்கேத்த மாதிரி: 1914ம் ஆண்டு ரெண்டாம் தர இரும்புச் சிலுவை, ஹின்டன்பேர்க் சிலுவை எண்டு சொல்லுற போர்ச் சிலுவை, நீண்ட சேவைப் பதக்கம், நாலாவதா கழுகு ட்ராகனை மிதிச்சுக்கொண்டு நிக்கிற சீனப் பதக்கம், சண்டை பிடிச்ச ஆக்களுக்குக் குடுத்த வெண்கலம்.

சாமான் கைக்கு வந்த அண்டைக்கு நான் பாத்ததெல்லாம் முன்பக்கம்தான். இரும்புச் சிலுவையைக் கொண்டுபோய் கஸ்தூரியார் வீதியில எனக்குத் தெரிஞ்ச பத்தர் ஒருத்தரிட்டக் காட்டினன். அசல் சிலுவை மூண்டு துண்டு: நடுவில கறுப்படிச்ச இரும்பு, அதை முன்னுக்கும் பின்னுக்குமா ரெண்டு வெள்ளிச் சட்டம் பிடிச்சுக்கொண்டு நிக்கும், ஓரம் உலோகம் உருக்கி ஒட்டிப் பத்த வைச்சிருக்கும். மலிவுப் போலி எண்டா முழுதா ஒரே வார்ப்பு. பத்தர் லென்ஸைக் கண்ணில சொருகிக்கொண்டு ஓரத்தைச் சுத்திச் சுத்திப் பாத்தார், நகத்தால ஒருக்கா இழுத்தார், பிறகு "இது பத்த வைச்ச வேலை தம்பி, வார்ப்பில்லை, சட்டம் வெள்ளிதான், நடுத்துண்டில துரு உள்ளுக்கிருந்து வருது" எண்டார். காந்தம் வைச்சன், பிடிச்சுது. (காந்தம் பிடிக்காத அசலும் கொஞ்சம் இருக்கு, நடுத்துண்டை வேற உலோகத்தில செய்தவை, அதாலை காந்தம் மட்டும் வைச்சு முடிவெடுக்காதேங்கோ.) மற்ற மூண்டும் அசல்தான். எனக்குச் சரியான சந்தோசம். அண்டிரவு மாமாவுக்குக் கோல் எடுத்து எம்டன் ஆளின்ர பார் கிடைச்சிட்டுது எண்டு சொன்னனான்.

ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் ஹின்டன்பேர்க் சிலுவையை வடிவா வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தன். அது கறுப்பு. வாள் இல்லை.

இந்த இடம் கொஞ்சம் விளக்கோணும். ஹின்டன்பேர்க் சிலுவை 1934 ஜூலையில கொண்டு வந்தது, முதலாம் உலகப் போர் முடிஞ்சு பதினாறு வருசத்துக்குப் பிறகு. மூண்டு விதம். சண்டை பிடிச்ச ஆளுக்கு ரெண்டு வாள் குறுக்கை போட்டது. போர்க்காலத்தில படையில இருந்து சண்டைக்குப் போகாத ஆளுக்கு வாள் இல்லாதது. மூண்டாவது, போரில செத்த ஆளின்ர பெண்சாதிக்கும் தாய் தகப்பனுக்கும் குடுத்தது, வாள் இல்லாமல், முழுக்கக் கறுப்பு. என்ர பாரில தொங்கினது மூண்டாவது விதம்! எம்டனில சண்டை பிடிச்சு, மோல்ராவில இருந்து உயிரோட வீடு வந்த ஆள், ஒரு விண்ணப்பம் போட்டிருந்தா வாள் போட்டது கிடைச்சிருக்கும். விதவைகளுக்குக் குடுத்த சிலுவை அவற்ர நெஞ்சில என்னெண்டு வந்தது? போரில சாகாத ஒருத்தரின்ர பாரில, ஆரோ ஒரு பெண் தன்ர புருசன் செத்ததுக்கு வாங்கின சிலுவையைக் கொண்டுவந்து தைச்சிருக்கினம். எனக்கு உண்மையா மனம் கஷ்டமாப் போச்சு. எங்கட ஊரில இருக்கிற ஆக்களுக்கு அந்தக் கறுப்புச் சிலுவை என்னெண்டு விளக்கத் தேவையில்லை.

அதுக்குப் பிறகுதான் பாரைத் திருப்பிப் போட்டுப் பாக்கத் தொடங்கினன், வாங்க முதல் செய்திருக்க வேண்டியது.

பின்பக்கம் சிவப்புக் கம்பளித் துணி, அதில பேர் போன பெர்லின் கடை ஒண்டின்ர பேரில சின்னக் கடதாசி லேபல். லேபலை பத்து மடங்கு லென்ஸ்ல பாத்தா எழுத்துகளின்ர ஓரத்தில சின்னச் சின்னக் கலர் புள்ளி, நீலமும் றோசும் மஞ்சளும். அது கொம்பியூட்டர் பிரின்ரர் மை. அந்தக் காலத்து அச்சு எண்டா எழுத்து கடதாசியை அமத்தி உள்ளுக்கை இறங்கியிருக்கும், விரலால தடவினாலே சிலதில விளங்கும். எங்கட வீட்டுப் பழைய கலியாண நோட்டீசை எடுத்துப் பாருங்கோ, வித்தியாசம் உடன தெரியும்.

துணியில மண்ணிறமாப் பழுத்த மாதிரி ஒரு கறை. ஈரப் பஞ்சை ஒரு மூலையில மெல்ல ஒத்தி எடுத்தன், பஞ்சு மண்ணிறமாச்சுது. மணந்து பாத்தா தேத்தண்ணி. நூறு வருசத் தூசும் வேர்வையும் ஏறின துணி அப்பிடி ஒத்தின உடன சாயம் விடாது, இது தேத்தண்ணியில தோய்ச்சுப் பழசாக்கினது.

அடுத்தது யூவி ரோச், புற ஊதாக் கதிர் அடிக்கிற லைற். ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் ஒரு போன் கடையில காசு நோட்டுப் பாக்கிறதுக்கெண்டு விக்கிறதை வாங்கினன், 365 நானோமீற்றர் எண்டு போட்டதைப் பாத்து வாங்குங்கோ, ஊதா வெளிச்சம் கனக்க அடிக்கிற மலிவு ரோச் சரிவராது, எல்லாம் ஊதாவாத்தான் தெரியும். இதின்ர கதை என்னெண்டா, வெள்ளையை இன்னும் வெள்ளையாக் காட்டுறதுக்கு நூலிலயும் துணியிலயும் சவர்க்காரத்திலயும் ஒரு இரசாயனம் போடுறவை, அது பரவலா வந்தது ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அது யூவியில நீலமா எரியும். லைற்றை நூத்திட்டு முதல்ல என்ர வேட்டியில அடிச்சுப் பாத்தன், பளீர் எண்டு நீலம். பிறகு பாரில அடிச்சன். ரிபன் நாலும் எரியேல்ல. ஆனா ரிபனைத் தகட்டோட பிடிச்சிருக்கிற நூல், ஒவ்வொரு தையலும், நட்சத்திரம் மாதிரி வரிசையா எரிஞ்சுது. லேபலும் எரிஞ்சுது. அந்த இருட்டில அந்த வரிசையைப் பாத்தாப் பிறகு வேற சாட்சி தேவைப்படேல்ல, ஆனாலும் ஒரு பழைய பாரை ஆரும் பிறகு திருத்தித் தைச்சிருக்கலாம்தானே, வீட்டுக்காரர் ரின்சோ போட்டுத் தோய்ச்சுமிருக்கலாம், அதுக்கும் எரியும். அதாலை யூவியோட நிக்காமல் திருநெல்வேலியில எங்களுக்கு உடுப்புத் தைக்கிற அண்ணையிட்டக் கொண்டுபோனன்.

எல்லாரும் மெடல் புத்தகம் படிக்கினம், நல்ல தையல்காரர் ஒருத்தரிட்ட ஆரும் காட்டுறேல்ல. அந்த அண்ணை பதக்கத்தைப் பாக்கவே இல்லை. ரிபனை விரலால மெல்ல விரிச்சு, மடிப்புக்குள்ளை பாத்தார். "தம்பி இஞ்ச பாருங்கோ, இது ரெண்டாந்தரம் தைச்சது." தையல் இருக்கிற இடத்துக்கு அரை விரல் மேலை, நூல் இல்லாத ஊசி ஓட்டை ஒரு வரிசை. மூண்டு ரிபனில அப்பிடி இருந்திது, ஒவ்வொண்டிலயும் ஓட்டை வேற வேற உயரத்தில, அப்ப மூண்டு ரிபனும் மூண்டு வேற சாமானில இருந்து கழட்டினது. பிறகு வெளிறின அடையாளத்தைக் காட்டினார். வெளிச்சம் படுற முன்பக்கம் வெளிறும், மடிப்புக்குள்ளை நிறம் அப்பிடியே நிக்கும், இது எங்கட வீட்டு யன்னல் சீலையிலயும் நடக்கிறதுதான். என்ர பாரில வெளிறலும் நிறமும் சந்திக்கிற கோடு மடிப்பில இல்லை, ரிபன்ர முன்பக்கத்துக்கு நடுவால போகுது. பழைய மடிப்பு வேற இடத்தில இருந்திருக்கு. கடைசியா தொங்கிக்கொண்டிருந்த நூல் நுனியில ஒரு துண்டை வெட்டி நெருப்புக்குச்சி வைச்சுக் காட்டினார், சாம்பலாகேல்ல, உருகிச் சின்ன மணியா உருண்டுது. பொலியெஸ்ரர் நூல். அது சந்தைக்கு வந்தது ரெண்டாம் உலகப் போருக்குப் பிறகு. பருத்தி நூலோ பட்டு நூலோ எண்டா கருகிச் சாம்பலாகும்.

விக்கிறவருக்கு எல்லாப் போட்டோவும் அனுப்பினன். "வீட்டுக்காரர் சொன்ன கதையைத்தான் நான் சொன்னனான், தனியார் விற்பனை, திருப்பி எடுக்கேலாது" எண்டு மறுமொழி. ஒரு விஷயம் தெரிஞ்சு வைச்சிருங்கோ: ஐரோப்பாவில வியாபாரியா பதிஞ்ச ஆளிட்ட ஒன்லைன்ல வாங்கினா 14 நாளுக்குள்ளை காரணம் சொல்லாமலே திருப்பிக் குடுக்கலாம், தனி ஆளிட்ட வாங்கினா அந்த உரிமை இல்லை. வியாபாரியிட்ட வாங்கினாலும் சாமான் மாமாவின்ர வீட்டுக்கு வந்த நாளில இருந்துதான் நாள் எண்ணத் தொடங்கும், அது பொதியில ஏறி யாழ்ப்பாணம் வரேக்கை 14 நாள் எப்பவோ போயிருக்கும். இப்ப நான் செய்யிறது, சாமான் மாமாவின்ர கைக்குப் போன அண்டைக்கே வீடியோ கோல்ல பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுறது.

ரெண்டாவது பார் அப்பிடி வீடியோ கோல்ல பாத்து எடுத்ததுதான். மாமா சந்தையில நிண்டுகொண்டே காட்டினார், குளிரில கை நடுங்கிக்கொண்டிருந்தது, பாவம். மூண்டு பதக்கம்: இரும்புச் சிலுவை, பவேரியாவின்ர போர்ச் சேவைச் சிலுவை, கடைசியா ஹின்டன்பேர்க் சிலுவை, வாள் போட்டது. பழைய ஜேர்மனி எண்டது பிரஷ்யா, பவேரியா, சக்ஸனி, வூர்ட்டம்பேர்க் எண்டு பல அரசுகள் சேந்த பேரரசு, ஒவ்வொண்டும் தன்ர படையாளுக்குத் தன்ர பதக்கம் குடுத்தது. அதாலை பாரைப் பாத்தா ஆள் எந்தப் பக்கத்து ஆள் எண்டு தெரியும். ஒரு சாதாரண சிப்பாயின்ர பாரில பிரஷ்யாவும் பவேரியாவும் சக்ஸனியும் எல்லாம் கலந்து தொங்கினா கவனம், பெரிய அதிகாரிமாருக்கு அப்பிடிக் கிடைச்சிருக்கு, சிப்பாய்க்குக் கிடைக்கிறது அருமை. என்ர மூண்டும் ஒரு பவேரியச் சிப்பாய்க்கு அளவாப் பொருந்துது. நடுச் சிலுவையில "மெரென்ரி" எண்டு லத்தீன்ல இருக்கு, தகுதியானவருக்கு எண்டு பொருள், பின்பக்கம் சிங்கமும் 1866 எண்ட வருசமும்.

இதில ஒண்டும் அபூர்வம் இல்லை. 1914 ரெண்டாம் தர இரும்புச் சிலுவை மட்டும் 50 லட்சத்துக்கு மேல குடுத்திருக்கினம், வாள் போட்ட ஹின்டன்பேர்க் 60 லட்சத்துக்கு மேல. ஆனா பின்பக்கத்தைப் பாருங்கோ. சாம்பல் நிறக் கம்பளி, ஊசிக்குக் கீழை துணி தேஞ்சு நூல் நூலா இருக்கு, ஏனெண்டா ஆள் குத்திக் கழட்டிக் குத்திக் கழட்டிப் போட்டிருக்கிறார். உள்ளை இருக்கிற தகரத்தின்ர துரு துணிக்குள்ளால ஊறி வெளியில வந்திருக்கு, வெளியில பூசினது இல்லை, நடுவில கடுமையா ஓரத்தில மெல்லிசா. தையல் எல்லாம் ஒரே கறுப்பு நூல், ஒரே கை, ஒரு இடத்தில கொஞ்சம் கோணல். வெறும் ஊசி ஓட்டை ஒண்டுகூட இல்லை. பதக்கம் மூண்டும் ஒண்டோட ஒண்டு உரஞ்சின இடத்தில சட்டம் தேஞ்சிருக்கு, சரியா அந்த உரஞ்சிற இடத்தில, வேற இடத்தில இல்லை. நடுச் சிலுவையைத் தூக்கினா கீழை ரிபனில அதின்ர நிழல், கொஞ்சம் கருமையா. யூவி அடிச்சன், முழுதும் செத்த மாதிரி இருட்டு. தையல்கார அண்ணையிட்டயும் காட்டினன், அவர் கன நேரம் பாத்திட்டு "இது ஒரேயடியாத் தைச்சு முடிச்சது" எண்டார், எனக்கு அந்தச் சொல்லே காணும்.

ஹின்டன்பேர்க் சிலுவை இருக்கிறதால இந்த பார் 1934க்குப் பிறகு கட்டினது எண்டது நிச்சயம், அதில குறையில்லை, அந்தச் சிலுவை வந்த உடன கனபேர் பழைய பாரைக் குடுத்துப் புதுசாக் கட்டுவிச்சவை. ஆனா ஹின்டன்பேர்க் தொங்கிற பாரைக் காட்டி "இது 1918ல போட்டிருந்தது" எண்டு ஆரும் சொன்னா உடன போனை வையுங்கோ.

இன்னொண்டு, 1939ம் ஆண்டு இரும்புச் சிலுவை இருக்கிற பார் பற்றிக் கேக்கிறவைக்கு. அதில நாசிச் சின்னம் இருக்கும், ஜேர்மனியில அதைப் பகிரங்கமாக் காட்டுறது சட்ட விரோதம், அதாலைதான் அங்கத்தைய விற்பனைப் படங்களில நடுப்பகுதியை மறைச்சிருப்பினம். 1957ல ஒரு சட்டம் கொண்டு வந்து அந்தச் சின்னத்தை எடுத்திட்டு ஓக் இலை போட்ட பதிப்பை அணியலாம் எண்டு விட்டவை. ஓக் இலை போட்டது இருந்தா அந்த பார் 1957க்குப் பிறகு கட்டினது, அது போலி இல்லை, ஆனா போர்க்காலத்துச் சாமான் எண்டு அதை விக்கிறது பொய். நான் அந்தக் காலத்துச் சாமான் எடுக்கிறேல்ல, மனம் வரேல்ல.

எங்கட ஊர் உப்புக் காத்துக்கு வைச்சுப் பராமரிக்கிறதும் கவனம். பொலித்தீன் பைக்குள்ளை போட்டு இறுக்காதேங்கோ, வேர்த்துப் பச்சை பிடிக்கும். நான் சிலிக்கா ஜெல் பைக்கற்றோட பிஸ்கற் ரின்னில பருத்தித் துணி சுத்தி அலுமாரிக்கை வைச்சிருக்கிறன். பிராசோ, பழப்புளி, தேசிக்காய் ஒண்டும் வேண்டாம், அம்மா குத்துவிளக்கு மினுக்கேக்கை இதையும் ஒருக்கா மினுக்கித் தாறன் எண்டு கேட்டவ, நான் ஓடிப்போய் வாங்கி வைச்சிட்டன். அந்த உரஞ்சின அடையாளமும் துருவும்தான் அது அசல் எண்டதுக்கு இருக்கிற சாட்சி, மினுக்கினா எல்லாம் போச்சு.

ஆக, ஒன்லைன் பாருக்கு அஞ்சுக்கு ஒண்டு, அதுவும் பதக்கங்கள் அசல் எண்டதுக்காக. சந்தை பாருக்கு அஞ்சுக்கு அஞ்சு. முதலாவதை நான் விக்கேல்ல, பிரிக்கவும் இல்லை. அது இருக்கிற பெட்டிக்குள்ளை ஒரு துண்டில "எம்டன் கதை பொய், பதக்கம் பழசு, தையல் புதுசு, கறுப்புச் சிலுவை ஆரோ ஒரு விதவையினது" எண்டு எழுதி வைச்சிருக்கிறன், எனக்குப் பிறகு ஆரின்ர கையில போனாலும் அந்தத் துண்டோட போகட்டும். செப்ரெம்பரில நியூரம்பேர்க்கில திரும்பச் சந்தை வருது, மாமாவுக்கு ஒரு காந்தமும் லென்ஸும் 365 ரோச்சும் வாங்கி வைக்கச் சொல்லியாச்சு.